எம்.பி.யிடம் எந்தக் கேள்வியைக் கொடுப்பது?

ஒரு சங்கம் எம்.பி.யைப் பார்க்கப் போனால் மனுவின் கடைசி வரி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "இதுகுறித்துத் தாங்கள் நாடாளுமன்றத்தில் குரல் எழுப்ப வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்." எம்.பி. தலையாட்டுவார். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எந்த விதியில் குரல் எழுப்பப் போகிறார், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டுமா, பதில் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதை அங்கே யாரும் பேசுவதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஒரு அமைச்சரை மடக்கிக் கேட்க மக்களவை உறுப்பினருக்குப் பல வழிகள் உண்டு. நட்சத்திரக் கேள்வி, நட்சத்திரம் இல்லாத எழுத்துக் கேள்வி, குறுகிய கால அறிவிப்புக் கேள்வி, அரை மணி நேர விவாதம், கவன ஈர்ப்பு, விதி 377, பூஜ்ய நேரம். இவை தவிர நேராக அமைச்சருக்குக் கடிதமும் எழுதலாம். நம் கையில் தனியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பலன். நம் சங்கங்கள் முதலில் ஆசைப்படுவது பூஜ்ய நேரம், அடுத்தது நட்சத்திரக் கேள்வி. பெரும்பாலான விஷயங்களுக்கு இரண்டுமே முதல் தேர்வாக இருக்கக் கூடாது என்பது என் வாதம்.

நட்சத்திரக் கேள்வியிலிருந்து தொடங்கலாம், மவுசு அதற்குத்தான். கேள்விப் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டு அச்சாகும் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அதன் பிறகு சபாநாயகர் அனுமதிக்கும் மற்றவர்களும் கேட்கலாம். மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 குளிர்காலக் கூட்டத்தொடரிலிருந்து அதை 12 மணிக்கு மாற்றிவிட்டார்கள்.

இதன் பலம் துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. அச்சடித்த பதிலை அதிகாரிகள் பல நாள் உட்கார்ந்து செதுக்கியிருப்பார்கள். துணைக் கேள்வி என்ன வரும் என்று அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. கேட்கப்படக்கூடியவற்றை ஊகித்துத் தடிமனாக ஒரு குறிப்புக் கோப்பு தயார் செய்து கொடுப்பார்கள், அதிகாரிகள் மாடத்தில் துறை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இருந்தாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டியவர் அமைச்சர்தான். ஆங்கிலேயர் காலத்தில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது, துணைக் கேள்வி உரிமையைத் தரவில்லை. 1909இல் கேள்வி கேட்டவருக்கு மட்டும் அந்த உரிமை கிடைத்தது. மற்ற உறுப்பினர்களுக்கும் கிடைக்க 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதைக் கடைசிவரை கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்கள் என்று பார்த்தாலே எது கூர்மையானது என்று புரிந்துவிடும்.

நமக்குப் பக்கத்து உதாரணம் முந்த்ரா விவகாரம். 1957 ஜூனில் எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை வாங்கியது. எல்.ஐ.சி. தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். மக்களவையில் இதுபற்றிக் கேள்வி வந்தபோது மழுப்பலான பதில்கள்தான் கிடைத்தன. விடாமல் துருவினார்கள். ராம் சுபக் சிங், ஃபெரோஸ் காந்தி இருவருமே ஆளுங்கட்சிக்காரர்கள். ஃபெரோஸ் பிரதமர் நேருவின் மருமகன் வேறு. அந்த டிசம்பர் 16 அன்று அவையில் ஃபெரோஸ் காந்தி விவரங்களை அடுக்கிய பிறகு அரசால் தட்டிக் கழிக்க முடியவில்லை. நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். எங்கோ ஒரு கேள்வித்தாளில் ஆரம்பித்தது, சென்னைக்காரர் ஒருவரின் நாற்காலி வரை போய் நின்றது.

இந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லோரும் நட்சத்திரக் கேள்விக்குக் கொடி பிடிப்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு எம்.பி. ஒரு நாளைக்கு ஐந்து கேள்விகளுக்குத்தான் நோட்டீஸ் கொடுக்கலாம். வருகிற நோட்டீஸ்களைக் குலுக்கலில் போட்டு வரிசை எடுக்கிறார்கள். பட்டியலில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. குலுக்கலில் 17ஆம் இடம் வந்தால் வந்தும் பயனில்லை, ஏனென்றால் ஒரு மணி நேரத்தில் சாதாரணமாக ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதே பெரிது. 2019 நவம்பர் 27 அன்று பட்டியலில் இருந்த 20 கேள்விகளையும் அவை எடுத்து முடித்தது செய்தியானது, அதற்கு முன் அப்படி நடந்தது 1972இல் என்பதால். அப்படி எல்லாவற்றையும் தொட்டாலும் ஒரு கேள்விக்குச் சராசரியாக மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் அமைச்சரை என்ன மடக்க முடியும்?

அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் கேள்வி நேரம்தான் முதலில் பலியாகும். எட்டாத நட்சத்திரக் கேள்விக்கும் எழுத்தில் பதில் வைப்பார்கள், அதில் குறை இல்லை. துணைக் கேள்வி போய்விடும், அவ்வளவுதான். அதாவது குலுக்கல், வரிசை, அமளி என மூன்று தடைகளைத் தாண்டினால்தான் அந்த நட்சத்திரத்துக்கு மதிப்பு.

எழுத்துக் கேள்விக்கு இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 230 கேள்விகள் வரை ஏற்கிறார்கள். ஒரு உறுப்பினரின் பெயரில் நட்சத்திரக் கேள்வியையும் சேர்த்து ஐந்து வரை பட்டியலில் வரலாம். குறித்த நாளில் பதில் மேஜையில் வைக்கப்படும், நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவை நடந்ததா, அமளியா என்பது பொருட்டில்லை. டிவியில் வராது என்பது ஒன்றுதான் குறை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க 2020 செப்டம்பர் ஒரு வாய்ப்பைத் தந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி அந்த மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். நட்சத்திரக் கேள்வி கிடையாது, எழுத்துக் கேள்வி மட்டும். எதிர்க்கட்சிகள் கொதித்தன, கொதிப்பில் நியாயம் இருந்தது. கூட்டத்தொடரின் முதல் நாளான செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பும்போது எத்தனை புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்கள் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டா என்று மக்களவையில் கேட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் வைத்தது. இழப்பீடு பற்றிய பகுதிக்கு, மேற்கண்டதைக் கருதி கேள்வி எழவில்லை என்றது. நாடே தலையில் அடித்துக்கொண்டது.

அதே வாரத்தில் மாநிலங்களவையில் ரயில்வேயிடம் வேறு விதமாகக் கேட்டார்கள். ஊரடங்கில் தொழிலாளர்களை ஊருக்குக் கொண்டுபோன ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணத்தின்போது இறந்தவர்கள் எத்தனை பேர்? பதில் எண்ணோடு வந்தது. செப்டம்பர் 9 வரை 97 பேர். அதில் 87 உடல்களை மாநிலக் காவல்துறை பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தது, 51 அறிக்கைகள் வந்திருந்தன. இரண்டு கேள்வியும் ஒரே துயரத்தைப் பற்றியவை, இரண்டுமே துணைக் கேள்விக்கு இடமில்லாதவை. ஒன்றுக்குக் கைவிரிப்பு, இன்னொன்றுக்கு எண். சாலையில் நடந்தே போய் இறந்தவர்களைத் தொழிலாளர் அமைச்சகம் எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைக்கவில்லை. ரயிலில் ஒருவர் இறந்துகிடந்தால் போலீஸ் வழக்குப் பதிய வேண்டும், அந்தக் காகிதம் எங்காவது இருந்தே தீரும். காகிதம் இருக்கிற இடத்தில் கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது.

நட்சத்திரம் உண்டா இல்லையா என்பதைவிடப் பெரிய முடிவு இதுதான்: எந்த அமைச்சகத்திடம், எந்தப் பதிவேட்டைக் குறிவைத்து?

மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். 2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் அறிவித்தார்கள். 2019 ஜனவரி 27 அன்று தோப்பூரில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜெய்க்காவுடன் கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தானது. 1,264 கோடி ரூபாய் என்றிருந்த மதிப்பீடு 1,977.80 கோடியாக உயர்ந்தது. 2022இல் முதல் மாணவர்களை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார வைத்தார்கள். இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்காத தமிழக எம்.பி. குறைவு. "மதுரை எய்ம்ஸ் எப்போது முடியும்? தாமதத்துக்குக் காரணம் என்ன?" என்று கேட்டால் அதிகாரிக்குக் கொண்டாட்டம். 'பணிகள் நடைபெற்று வருகின்றன' என்று நான்கு வரி எழுதி மேலே அனுப்பிவிடுவார்.

அதையே உடைக்க வேண்டும். சுகாதார அமைச்சகத்திடம்: ஒப்பந்ததாரருக்குப் பணி ஆணை வழங்கிய தேதி, ஆணையில் உள்ள முடிவுத் தேதி, கேள்வி நாள் வரை முடிந்த கட்டுமானம் எத்தனை சதவீதம், வருட வாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, ஒப்புதலான ஆசிரியர் பணியிடங்களில் நிரப்பியவை எத்தனை. வெளிநாட்டுக் கடன் கணக்கு நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறையில் இருக்கிறது. எனவே இன்னொரு நாளில் அவர்களிடம்: இந்தத் திட்டத்துக்கான ஜெய்க்கா கடனில் இதுவரை எடுத்த தொகை எவ்வளவு, எந்தெந்தத் தேதியில். இரண்டு அமைச்சகப் பதில்களையும் ஒட்டிப் பார்த்தால் ஓட்டை தானாகத் தெரியும். ஒட்டிப் பார்ப்பது நம் வேலை. அதை எந்த அமைச்சகமும் செய்து தராது.

இன்னொரு வசதி, திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அதே சதவீதத்தைக் கேட்டு வாங்கிவந்தால், இரண்டு வருடத்தில் யாரும் மறுக்க முடியாத ஒரு கால அட்டவணை உங்கள் கையில் இருக்கும், அரசே கையெழுத்திட்டது.

கேள்வி எழுதுவதில் சில கட்டுப்பாடுகள் உண்டு, இவற்றில்தான் மனுக்கள் விழுகின்றன. 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டுத் தொனி இருக்கக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தைத் தொடக் கூடாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயம் என்றால் தள்ளுபடி. "தமிழ்நாட்டைத் தொடர்ந்து வஞ்சிப்பது ஏன்?" மேடையில் கைதட்டல் வாங்கும், மக்களவைச் செயலகத்தில் குப்பைக்கூடைக்குப் போகும். ஊராட்சிச் சாலை, டவுன் பஸ், ரேஷன் கடைப் பணியாளர் என்றால் எம்.பி.யை விட்டுவிட்டு எம்.எல்.ஏ.விடம் போங்கள், சட்டப்பேரவையிலும் கேள்வி நேரம் இருக்கிறது.

நழுவல் பதில் வந்துவிட்டால்? தூக்கிப் போட வேண்டாம். 'விவரங்கள் திரட்டப்படுகின்றன, அவையில் வைக்கப்படும்' என்றோ 'விஷயம் பரிசீலனையில் உள்ளது' என்றோ அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாக வாய்ப்பிருக்கிறது. அப்படிப் பதிவானவற்றைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு 1953 முதல் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்டு எழுத வேண்டும். வருடக்கணக்கில் இழுப்பவையும் ஏராளம்தான். ஆனாலும் ஒரு பிரிவு அலுவலர் அந்தக் கோப்பை மூட முடியாமல் அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருப்பார். நம் ஊர் மனுவுக்கு அந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லையே. பதிலில் தவறு இருந்தால் சபாநாயகரின் வழிகாட்டு விதி 115இன் கீழ் உறுப்பினர் அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம். தெரிந்தே பொய் சொன்னார் என்றால் அது உரிமை மீறல் பிரச்சினை.

எழுத்துப் பதில் கையில் வந்து, அது அரைகுறையாகவும் இருந்தால், அப்போதுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும். அரை மணி நேர விவாதத்தைப் பலர் மறந்தே விட்டார்கள். விதி 55. ஏற்கெனவே பதில் வந்த ஒரு கேள்வியில் தெளிவு தேவை என்று மூன்று நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கலாம். திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் அமர்வின் கடைசி அரை மணி இதற்கு. நோட்டீஸ் கொடுத்தவர் சிறிது நேரம் பேசுவார், வேறு சிலரும் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். வாக்கெடுப்பு இல்லை. நட்சத்திரக் கேள்வியின் மூன்று நிமிடத்தோடு ஒப்பிட்டால் இந்த அரை மணி சொர்க்கம். சபாநாயகர் அனுமதிக்க வேண்டும், மாலை வரை அவை ஓட வேண்டும். இந்த இரண்டும் அமைவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்று ஒன்று உண்டு, அதற்குச் சம்பந்தப்பட்ட அமைச்சரே சம்மதிக்க வேண்டும். சங்கடமான கேள்விக்கு எந்த அமைச்சர் சம்மதிப்பார்?

சரி, பூஜ்ய நேரம். நேரமில்லா நேரம் என்றும் சொல்வார்கள். விதிப்புத்தகத்தில் இல்லாத, வழக்கத்தில் வந்த நேரம் இது. எம்.பி. இரண்டு மூன்று நிமிடம் பேசுவார், வீடியோ மாலைக்குள் தொகுதி வாட்ஸ்அப் குழுக்களை எல்லாம் சுற்றி வரும். அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை மட்டம் தட்டவில்லை; நேற்றிரவு ராமேஸ்வரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனது என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க முடியாது. அங்கே பூஜ்ய நேரம்தான் சரி, சபாநாயகர் ஏற்றால் கவன ஈர்ப்பு அதைவிடச் சரி, ஏனென்றால் அதில் அமைச்சர் அறிக்கை படித்தே ஆக வேண்டும். ஆனால் அதே மீனவர் விஷயத்தில், ஐந்து வருடங்களில் வருட வாரியாகக் கைதானவர்கள் எத்தனை பேர், பிடித்து வைத்திருக்கும் படகுகள் எத்தனை, திரும்பியவை எத்தனை என்பது வெளியுறவு அமைச்சகத்துக்கான எழுத்துக் கேள்வி. முதலாவது அன்றைய அழுத்தத்துக்கு. இரண்டாவது நீதிமன்றம் வரை கொண்டு போகலாம்.

பூஜ்ய நேரத்துக்கும் கேள்விக்கும் நடுவில் விதி 377 இருக்கிறது. ஒரு நாளைக்கு 20 உறுப்பினர்கள் வரை சிறு குறிப்பாகத் தங்கள் தொகுதி விஷயத்தை வைக்கலாம், அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது நடைமுறை. ரயில் நிறுத்தம் வேண்டும், பாஸ்போர்ட் சேவை மையம் வேண்டும் போன்ற கோரிக்கைகளுக்கு இதுவே நல்லது. கேள்வி என்பது தகவலுக்கு. கோரிக்கையைக் கேள்வியாக மாற்றி 'அரசு பரிசீலிக்குமா?' என்று வால் வைத்தால் 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் ஆபத்து உண்டு. அப்புறம் அந்த 'இல்லை'யே பதிவேட்டில் ஏறி அடுத்த முறையும் எடுத்துக் காட்டப்படும்.

அமைச்சருக்குக் கடிதம் எழுதுவது எளிது, காலக்கெடு கிடையாது, பொதுப் பதிவும் கிடையாது. மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் சி.ஆர்.பி.எஃப். தேர்வு மையம் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்து, விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. எழுதிய மொழியில் பதில் தர வேண்டும் என்று 2021இல் நீதிமன்றம் சொன்னது. தேர்வு மையம் பின்னுக்குப் போய் மொழி முன்னுக்கு வந்துவிட்டது.

ஆர்.டி.ஐ.க்கு எம்.பி. தேவையில்லை. பத்து ரூபாய், 30 நாள். கேள்வியால் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும்: கோப்பின் நகல், அதில் யார் என்ன குறிப்பு எழுதினார் என்பது. கேள்வியில் கிடைப்பது அமைச்சரின் பொறுப்பில் வரும் பதில், ஆர்.டி.ஐ. பதிலில் கையெழுத்துப் போடுவது ஒரு பொதுத் தகவல் அலுவலர். நான் ஆர்.டி.ஐ.யை முன்னாலும் கேள்வியைப் பின்னாலும் வைப்பேன். எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று ஆர்.டி.ஐ.யில் தெரிந்துகொண்டு, அந்தப் பதிவேட்டைப் பெயர் சொல்லி எம்.பி. கேட்டால் 'தரவு இல்லை' என்று கைவிரிக்க முடியாது.

ஆக, ஊர்ப் பிரச்சினைக்கு என் வரிசை இது: ஆர்.டி.ஐ., எழுத்துக் கேள்வி, தேவைப்பட்டால் வேறு அமைச்சகத்துக்கு இன்னொரு எழுத்துக் கேள்வி. எண்கள் கையில் இருக்கும்போது நட்சத்திரக் கேள்வி அல்லது அரை மணி நேர விவாதம். பதில் ஏற்கெனவே தெரிந்தவர் கேட்கும்போதுதான் துணைக் கேள்வி குத்தும். தெரியாமல் கேட்டால் அமைச்சர் சொல்லும் நான்கு புள்ளிவிவரத்துக்கு நன்றி சொல்லி உட்கார வேண்டியதுதான். தேசிய அளவில் பலருக்கும் அக்கறை உள்ள விஷயம் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்கலாம். அப்போது பல கட்சி எம்.பி.க்கள் ஒரே கேள்வியைக் கொடுப்பார்கள், குலுக்கலில் யாராவது ஒருவருக்கு மேலே இடம் கிடைத்துவிடும்.

கொடுக்கும் விதம் பற்றி. கூட்டத்தொடர் தேதி அறிவித்ததும் எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்ற அட்டவணை வரும், அதைப் பார்த்து, பதில் வேண்டிய நாளுக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னதாக நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். எம்.பி. அலுவலகத்துக்கு அதற்கும் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கேள்வியை ஆங்கிலத்திலேயே, அமைச்சகத்தின் பெயரோடு, அ, ஆ, இ எனப் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பின்னணிக் குறிப்பைத் தனித்தாளில் வையுங்கள், எம்.பி.யின் உதவியாளர் படிப்பது அதைத்தான். காசு, பரிசு என்ற பேச்சே கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பர் 23 அன்று மக்களவையில் 10 பேரும் மாநிலங்களவையில் ஒருவரும் பதவி இழந்தார்கள். பதில் வந்ததும் இணைப்புகளோடு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட வாரி அட்டவணை பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும், செய்தித்தாளில் அது வருவதில்லை.